ஒலிவ் காயும் என் வலது கண்ணும்

மார்க்கம், கனடா,
10.04.2025, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நல்ல கண்பார்வையோடு இருப்பீர்களென நம்புகிறேன். எனக்கு அது இல்லை. அதற்குத் தங்கள் பத்திரிகையே காரணம் என்பதைப் பணிவுடன் அறியத்தருகிறேன்.

14.03.2025 வெள்ளிக்கிழமை இதழின் ஒன்பதாம் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒலிவ் காய் இருதயத்துக்கு உகந்தது, கெட்ட கொழுப்பைக் குறைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். 08.04.2025 அன்று என் வலது கண்ணில் கற்றரக்ட் என்னும் கண்புரைச் சத்திரசிகிச்சை. பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. அதற்குள் உடம்பைச் சீராக்க எண்ணி, கட்டுரை வந்த மறுநாளே மூன்று போத்தல் வாங்கினேன். நாளுக்குப் பத்துக் காய். போத்தலில் இருந்த உப்புத் தண்ணீரையும் சத்தென்று கருதிக் குடித்தேன். வாய் மறுத்தபோது, 04.04.2025 வெள்ளிக்கிழமை, என் மனைவி தவமணி அதைக் குழம்பு வைத்தாள், சாமிக்குப் படைக்க முன் உப்புப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, ஆகவே கத்தரிக்காய்க்குப் போடும் உப்பை அப்படியே போட்டுவிட்டாள், முதல் வாயிலேயே நான், "என்னப்பா, கடலை அள்ளி ஊத்தினனீரோ?" என்றேன், அவள், "படைச்சதைக் குறை சொல்லாதேங்கோ. பேப்பரைப் பாத்து வாங்கினது நீங்கள்தானே, சாப்பிடுங்கோ" என்றாள், படைத்ததை எறியவும் கூடாதே, திங்கள் வரை நான்கு நாள் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்தும் விட்டாயிற்று. தாதி கிளடிஸ் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"அங்கிள், பிரஷர் இப்பிடி நிண்டால் டொக்டர் கண்ணைத் தொடமாட்டார். என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒலிவ், பிள்ளை. இருதயத்துக்கு நல்லது."

அவர் என்னைப் பார்த்த பார்வை மங்கலாகத்தான் தெரிந்தது. இருந்தும் விளங்கியது.

புதிய திகதி 19.11.2025, புதன்கிழமை. அதுவரை தங்கள் மரண அறிவித்தல்களில் முகங்கள்கூட எனக்குத் தெரியா. யாரென்று அறியாமல் பொதுவாக இரங்கிக்கொள்கிறேன். தாங்கள் முதற்பக்கத்தில், பெரிய எழுத்தில், மன்னிப்புக் கோரவேண்டும்.

தங்கள் பத்திரிகை நீடு வாழவும், வாசகர்கள் அதைத் தாண்டியும் வாழவும் இறைவனை வேண்டும்,

சி. இரத்தினவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் வேளையில் தவமணி குசினியிலிருந்து கூப்பிட்டாள். கறிவேப்பிலை சுற்ற எடுத்த பழைய தாளில் கட்டுரையின் மிச்சம் இருந்தது. உரத்து வாசித்தாள்: 'பிரஷர் உள்ளவர்கள் உப்புநீரைக் கொட்டிக் காயை நன்கு கழுவவேண்டும். நாளுக்கு நான்குக்கு மேல் கூடாது.' அதே தாளில் ஒன்பதாம் பக்கத்தின் அடியில் 'தொடர்ச்சி 23ஆம் பக்கம்' என்று பொடி எழுத்தில் உள்ளதாம்.

"அண்டைக்கே என்னட்டைத் தந்திருந்தால் வாசிச்சுச் சொல்லியிருப்பனே. ஆரைக் கேட்டனீங்கள்?" என்றாள்.

ஒருவரையும் கேட்கவில்லை. மன்னிப்பை நானே கோருகிறேன். தயவுசெய்து அதை 23ஆம் பக்கத்தில் பிரசுரிக்கவும்.