தினமும் மலைக்குப் போகும் அம்மா

எனக்குப் பொய் சொல்ல வராது. முயன்றால் காது சூடாகிவிடும், வார்த்தை பாதியில் நின்றுவிடும். ஆனால் ஒருவர் எதையாவது தப்பாக விளங்கிக்கொண்டால், அதைத் திருத்தாமல் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு நிற்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. இந்தத் திறமையால் ஒரு சனிக்கிழமை காலையில் ஹட்டன் பஜாரில் ஒன்பது மலைகளைக் கீழே தள்ளினேன். கலியாணத்தையும் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியையாக வந்தவள் சுபா. வந்த முதல் வருடம் குளிரைத் திட்டினாள், இரண்டாம் வருடம் என்னைத் திட்டினாள், மூன்றாம் வருடம் கட்டிக்கொள்ளலாம் என்றாள். என்னைப் பார்த்துப் பேச அவளுடைய அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக முடிவாயிற்று. அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். அம்மா, விரதம் இல்லாத நாட்களைக் கலண்டரில் தேட வேண்டிய அளவுக்குப் பக்தி.

எங்கே சந்திப்பது? எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்று. "முதல் தரம் பொது இடத்துல பார்க்கலாமே" என்று நான்தான் சொன்னேன். பஜாரில் ஒரு மாடியில் புதிதாகத் திறந்திருந்த மலைப் புகைப்படக் காட்சியகத்தின் பெயர் வாயில் வந்துவிட்டது. "அடிக்கடி போற இடம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். (அதுவரை அந்தப் படிக்கட்டில் கால் வைத்ததில்லை. பஸ்ஸிலிருந்து பெயர்ப்பலகையை வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான்.)

அம்மாவிடமும் விஷயத்தைப் பாதியாகத்தான் சொன்னேன். "சுபா வீட்டுல வாராங்க, சும்மா பேசத்தான்" என்றேன். அம்மா, அப்படியானால் தான் எதற்கு, ஒரு பேர் போய்விடும் என்றாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போனதைப் பதிவதற்குப் பெயர் 'பேர்'. போனால் பேர் விழும், போகாவிட்டால் விழாது. அம்மா வரவில்லை என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

காட்சியகத்தைக் கட்டி எழுப்பியவர் பன்னீர் அண்ணன். வாரம் முழுக்க அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் படம் எடுப்பார், கிடைக்கிற நேரத்தில் கமராவோடு மலையேறிவிடுவார். மேல்மாடியில் மலைகள், கீழே கருவாட்டுக் கடை. படியேறும்போதே சுபாவின் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அதை மலையைப் பார்த்த மரியாதை என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

சுபா எங்களோடு மேலே வரவில்லை. காலையில் சாப்பிட்ட கடையில் அவளுடைய அம்மா குடையை விட்டுவிட்டார். அதை எடுக்கப் போனாள். அவள் போன அந்த இருபது நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது.

மாதம் மார்ச். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற காலம். ஹட்டன் முழுக்க வெள்ளை உடுப்புக்காரர்கள், பஸ் பஸ்ஸாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுபாவின் அப்பா அவர்களை யன்னல் வழியாக ஏக்கத்தோடு பார்த்தார். ஒருமுறையாவது ஏற வேண்டும் என்று ஆசை, முழங்கால் விடுவதில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா வரேல்லையோ தம்பி?"

"இல்லைங்க. அம்மா மலைக்குப் போயிட்டாங்க."

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற தேயிலைக் காடு. முதலாம் நம்பர் மலை, ஐந்தாம் நம்பர் மலை என்று தோட்டம் முழுக்க மலைதான். மலைக்குப் போயிருக்கிறாள் என்றால் வேலைக்குப் போயிருக்கிறாள். மலை ஒன்றுமே இல்லாத யாழ்ப்பாணத்தில், யாத்திரைக் காலத்தில், ஹட்டன் நகரத்தில் நின்றுகொண்டு ஒருவர் மலைக்குப் போனால் அவர் எங்கே போவார்? இதை யோசிக்கிற மூளை அன்றைக்கு எனக்கு இல்லை.

சுபாவின் அப்பா நிமிர்ந்து நின்றார். "மலைக்கோ? முதல் தரமோ, முந்தியும் போயிருக்கிறாவோ?"

"தினமும் போறாங்க. ஞாயித்துக்கிழமையும் போயாவும் மட்டும் வீட்டுல."

அவர் மனைவியைப் பார்த்தார். பௌர்ணமியில் போகாமல் மற்ற நாளெல்லாம் போவது அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் இடித்திருக்க வேண்டும். "போயாவில சனம் கூட" என்று அவரே விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். (எதற்கு ஆட்டினேன் என்று கேட்காதீர்கள்.)

எத்தனை வருடமாக என்று கேட்டார்கள். பதினேழு வயதிலிருந்து, முப்பது வருடம் தாண்டிவிட்டது என்றேன். மழைக்கும் போவாவோ என்றார்கள். மழையென்றாலும் போவாங்க, அட்டை கடிச்சாலும் போவாங்க என்றேன். காலுக்குச் செருப்பு? போட்டால் வழுக்கும் என்றேன். சாப்பாடு? மலையிலேயே ஒரு ரொட்டி, சம்பல் என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும் அவர்கள் முகத்தில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. என் வாழ்க்கையில் யாரும் என் பதில்களை அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை. என் மாணவர்கள் நிச்சயமாக இல்லை.

"ஒண்டு கேக்கிறன், குறை நினைக்கக் கூடாது. ஏன் இப்பிடி ஒவ்வொரு நாளும் போறா?"

"போனாத்தானேங்க பேர் விழும்."

"பேர்" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார். அப்போது சுபாவின் அம்மா மூக்கிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, "அப்பிடி என்ன நேர்த்தியோ தம்பி அவாவுக்கு?" என்று கேட்டார்.

நேர்த்தி. அந்தச் சொல்லில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இவர்கள் என் அம்மா முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் சிவனொளிபாதமலையில் ஏறி இறங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் கல்லூரியில் படித்த காலத்தில், தோட்டத்துப் பிள்ளைகளை இளக்காரமாகச் சொல்லும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை முதுகுக்குப் பின்னால் கேட்டவன் நான். இந்த மனிதர் முகத்திலிருந்து அந்த மரியாதை இறங்கி, அதற்குப் பதிலாக வேறொன்று ஏறுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சுபாவை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

"அதெல்லாம் அம்மா சொல்ல மாட்டாங்க" என்றேன். உண்மைதான். அம்மா எந்த நேர்த்தியைப் பற்றியும் என்னிடம் சொன்னதே இல்லை.

இரண்டு பேரும் மனம் நிறைந்து அடுத்த அறைக்கு நடந்தார்கள். நான் வழிகாட்டுகிற தோரணையில் முன்னால் போனேன். அறையின் நீளச் சுவரில் ஒரே ஒரு கம்பியில் ஒன்பது பெரிய படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் பனி. நடுப்படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா.

பனி மூடிய தேயிலைச் சரிவு, தூரத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசை, முன்னால் ஆள் உயரத்துக்குத் தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிக் கட்டிய படங்கு, ஒரு கையை ஓங்கி, வாயைத் திறந்து யாரையோ கிழித்துக்கொண்டிருக்கும் என் அம்மா. கீழே ஒரு சின்ன அட்டையில் பெயர்: 'ஏழாம் நம்பர் மலை'.

நான் ஒரே பாய்ச்சலில் போய் அந்தப் படத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். தலையால் அம்மாவின் முகத்தை மறைத்தேன். கூடை வெளியே தெரிந்தது. தோளை உயர்த்தினேன். ஓங்கிய கை தெரிந்தது. என் கையையும் தூக்கி அதற்கு மேல் வைத்துக்கொண்டு, பக்கத்துப் படத்தைக் காட்டி, இது பொகவந்தலாவைப் பக்கம் விடியற்காலையில் எடுத்தது என்று பாடம் நடத்தத் தொடங்கினேன். சுபாவின் அப்பா பக்கத்துப் படத்தின் அட்டையைக் குனிந்து வாசித்தார். நாற்பது வருடம் விலாசம் வாசித்த மனிதர், எங்கே எழுத்து இருந்தாலும் வாசிப்பார். "பூண்டுலோயா எண்டெல்லோ போட்டிருக்கு" என்றார்.

எட்டுப் படத்தையும் அட்டையோடு வாசித்து முடித்து என் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் விலகுங்கோ தம்பி, இதையும் பாப்பம்."

"இது இன்னும் காயலைங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால் பளபளத்த கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடிக்குள்ளயோ?" என்று சாந்தமாகக் கேட்டார்.

 எனக்குப் பின்வாங்க இடமில்லை, இருந்தும் வாங்கினேன். முதுகு படச்சட்டத்தை அழுத்த, சட்டம் கம்பியை இழுக்க, ஒரு முனையில் ஆணி பிடுங்கிக்கொண்டது. அவ்வளவுதான். மத்திய மலைநாடு முழுவதும் கம்பியில் சறுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தது. ஒவ்வொரு மலையும் முன்னால் போன மலையை இடித்துத் தள்ளியது. கீழே கருவாட்டுக் கடையிலிருந்து யாரோ சிங்களத்தில் என்ன நடக்கிறது என்று கத்தினார்கள். சத்தம் அடங்கியபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், என் மடியில் அம்மா இருந்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை. இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பன்னீர் அண்ணன் ஓடி வந்தார். மற்ற எட்டு மலைகளையும் தாண்டி நேரே என்னிடம் வந்து, அந்தப் படத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேளை தம்பி, உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல."

"ஆற்ற அம்மா?" என்றார் சுபாவின் அப்பா.

"இவங்க அம்மாதாங்க. கொழுந்துச் செடிய மிதிச்சிட்டேன்னு என்னையத்தான் திட்டுறாங்க, அதுலதான் கிளிக் பண்ணினேன். படத்த மாட்டவே மூணு மாசம் கேட்டேன். மாட்டிக்க, ஆனா எம் மவன்கிட்ட சொல்லாத, அவன் வாத்தியாரு, கூச்சப்படுவான்னாங்க."

நான் தரையைப் பார்த்தேன். அம்மாவுக்கு என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்தது, ஆனால் ஒன்பது படங்களின் நடுவில் உட்கார்ந்து அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

வாசலில் சுபா குடையோடு நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"உங்கட அம்மாவை மறைச்சுக்கொண்டு நிண்டனீங்களோ?"

"அம்மாவ இல்ல சுபா, படத்தைத்தான்" என்றேன். (அந்த நேரத்திலும்.)

அவள் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். என் கலியாணம் கருவாட்டு வாசத்தில் கலந்து போவதை நான் தரையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுபாவின் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் எதிரே குந்தினார். படத்தைப் பார்த்தார். அட்டையை வாசித்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மலைக்கு நம்பரும் இருக்கோ?"

"ஆமாங்க."

"இதுக்கோ ஒவ்வொரு நாளும் போறவா?"

"ஆமாங்க."

"செருப்பில்லாமல், மழைக்கு, அட்டைக்கடியில. முப்பது வருஷம்."

"ஆமாங்க."

 நான் முதுகுக்குப் பின்னால் கேட்ட அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. "பின்னேரம் எத்தினை மணிக்கு இறங்குவா?" என்று கேட்டார். நாலரைக்கு என்றேன். அப்போ பார்த்துவிட்டுத்தான் போவது என்று மனைவியிடம் சொன்னார். அவர்களுடைய ரயில் இரண்டு மணிக்கு. அதை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை.

சுபாவை அவர்தான் கூட்டி வந்தார். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இன்றைக்குச் செய்ததை நானே, என் வாயால், அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் கலியாணம், சொல்லாவிட்டால் இடமாற்றத்துக்கு விண்ணப்பம். அதுவரை எல்லோருமாகச் சேர்ந்து மலைகளைத் திரும்ப மாட்டினோம். அட்டைகள் கலந்துவிட்டன. பொகவந்தலாவை கடைசியில் எங்கே போயிற்று என்று பன்னீர் அண்ணனுக்கே தெரியாது.

நாலரைக்கு அம்மா தூறலில் இறங்கி வந்தாள். லயத்து வாசலில் தெரியாத இரண்டு பேர் கைகூப்பி நிற்பதைப் பார்த்து, கொழும்பிலிருந்து கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்து அவளும் கூப்பினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காது எரிந்தது, வார்த்தை பாதியில் நின்றது, இருந்தும் சொன்னேன். காயாத படம் வரைக்கும் பொறுமையாகக் கேட்ட அம்மா, ஆணி பிடுங்கிய இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறைக்கிறதையாச்சும் ஒழுங்கா செய்யக் கூடாதாடா?" என்றாள்.

கலியாணம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. மண்டபத்துக்குள் அம்மா நுழைந்ததும் ஒரு கிழவர் வந்து அவள் காலில் விழுந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு மாமிகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், அதற்குப் பின்னால் வரிசை. "இவங்க ஏன்டா எங்கால்ல விழுறாங்க?" என்று அம்மா பதறிப்போய்க் கேட்டாள். அன்று காட்சியகத்தில், நான் படத்துக்கு முதுகு கொடுப்பதற்கு முன்பே, சுபாவின் அம்மா தன் தங்கைக்குப் போன் செய்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. தங்கை ஊருக்குச் சொல்லிவிட்டார். திருத்திச் சொன்னதை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. பெரியவர்கள் தங்கள் தவத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

எட்டு வருடமாகிவிட்டது. அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறாள், போக வேண்டாம் என்றால் என்னைத்தான் திட்டுகிறாள். பரீட்சைக்கும் பிரசவத்துக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் வேண்டிக்கொள்ளச் சொல்லி அந்த ஊரிலிருந்து அவளுக்குப் போன் வருகிறது. போன கிழமையும் ஒருவர், மகளுக்குச் சம்பந்தம் சரிவர வேண்டும் என்று எடுத்திருக்கிறார். அம்மா வழக்கம்போல வேலை மும்முரத்தில், "இப்ப மலையில நிக்கிறேன், அப்புறமா எடுங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாளே சம்பந்தம் சரிவந்துவிட்டதாம்.