மீன்பெட்டிக் கோட்டை முற்றுகை

வாழி அகிலா! தன் குலத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளும், மிதித்த காலை எவர் முறைத்தும் பின்னெடுக்காதவளும், கோபத்தைக் கொண்டையாக முடிந்து க்ளிப் போட்டவளும், ஷார்ஜா தொழில்பேட்டையின் உதிரிபாகக் கிடங்கொன்றில் கணக்குப் பிரிவைக் கட்டியாளும் காரிகையும், முவைலா நன்னகரின் ஒன்பதாம் மாடிப் பால்கனியில் தெர்மாகோல் மீன்பெட்டியைக் கோட்டையாக்கி அதனுள் முளைக்கீரைப் படையை அணிவகுத்து நிறுத்திய கொற்றவையுமாகிய அகிலா வாழி! பாத்திரம் தேய்க்கும் அவளது மஞ்சள் கையுறை வாழி! அவள் புகழைப் பாடப் புகுந்த இந்த எளிய உரைநடை பாதியில் மூச்சு வாங்கினால் சபையோர் பொறுத்தருள்க. ஒன்பதாம் மாடி, லிஃப்ட் வேறு அடிக்கடி நின்றுவிடுகிறது.

நாட்டுவளம் பாடுவது மரபு என்பார்கள், பாடிவிடுவோம். மழை தூறினால் பள்ளிக்கு விடுமுறை விடும் வளநாடு அது. மண்ணெல்லாம் மணல், மணலெல்லாம் கட்டடம், கட்டடமெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் வெயில். அந்நாட்டுக் குழாய்களின் தர்மமோ தலைகீழானது. மொட்டைமாடித் தொட்டியில் கிடந்து கோடையெல்லாம் கொதித்த நீர், குளிர்நீருக்கென்று நீலப்பொட்டு வைத்த குழாயின் வழியே தீக்குழம்பாய் இறங்கும். வெந்நீருக்கென்று சிவப்புப்பொட்டு வைத்த குழாயோ, கீசரின் ஸ்விட்சை அணைத்துவிட்டால், ஏசியின் குளுமையில் தூங்கிக் கிடக்கும் அந்தக் கீசரின் வயிற்றிலிருந்து இளநீர் போன்ற தண்ணீரைச் சுரக்கும். ஆகவே வளைகுடாவில் ஒரு கோடையைக் கடந்தவரின் கை, கண்ணைக் கட்டிவிட்டாலும் சிவப்புக் குழாயைத்தான் தேடிப்போகும். சபையோர் இதை நினைவில் முடிந்துவைத்துக்கொள்க.

அந்த ஒன்பதாம் மாடியில், ஒரே அறையை மூன்று கட்டிலாகப் பகுத்து ஆண்ட பேரரசிகள் மூவர். அகிலாவை அறிவீர்கள். இரண்டாமவள் காயல்பட்டினம் தந்த கனல்மொழியாள், அபாயா தைக்கும் கடையில் தலைமைத் தையற்காரி, மர்ஜானா. வயதில் மூத்தவளாதலால் மற்ற இருவருக்கும் லாத்தா. மூன்றாமவள் நாகூரிலிருந்து போன மாதம்தான் விமானம் இறங்கிய அப்ஸானா. கிளினிக் ஒன்றின் வரவேற்பு மேசையில் அமர்ந்து, புன்னகைப்பதைத் தவிர இந்நாட்டு வழக்கம் ஒன்றும் இன்னும் அறியாத இளந்தளிர்.

பகை எங்கே முளைத்தது என்று கேட்பீராயின், பால்கனியில் முளைத்தது. காலை வெயில் விழும் இடம் அங்கே ஒரு பாய் அகலம்தான். அந்த ஒரு பாய் வெயிலுக்கு இரண்டு உரிமையாளர்கள்: அகிலாவின் மீன்பெட்டி; மர்ஜானாவின், கைகள் பல விரித்து நிற்கும் இரும்புத் துணி ஸ்டாண்டு.

"ஏளா, இது பால்கனியா, வயக்காடா? என் துணியெல்லாம் நான் எங்கன காயப்போட?" என்று முழங்கினாள் மர்ஜானா.

"ரூமுக்குள்ள போடுங்க லாத்தா. துணி நெழல்லயும் காயும். கீரை நெழல்ல வளருமா?"

"உன் கீரைக்கு வெயில் வேணும், என் புர்காவுக்கு வேணாமா?"

"புர்காவை யாரும் திங்கப் போறதில்ல."

"உன் கீரையையும் இதுவரைக்கும் ஒருத்தரும் திங்கலியே, அந்தப் புறாவைத் தவிர!"

இச்சொல் அகிலாவின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. பாய்ந்த வேலைப் பிடுங்காமலே அவள் நிமிர்ந்து நின்றாள். அப்போது மர்ஜானா தன் பேராணையைப் பிறப்பித்தாள்: "சரி, கேட்டுக்க. வார வெள்ளிக்கெழம மத்தியானச் சோத்துக்கு, மூணு பேருக்கும் காணுறாப்புல, அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு கறி வரணும். வந்தா, பால்கனி உனக்கு. வரலேன்னா பெட்டி குப்பைக்கு, ஸ்டாண்டு பால்கனிக்கு. கலாஸ், பேச்சு முடிஞ்சுச்சு!"

"கலாஸ்!" என்றாள் அகிலா. சூளுரை முடிந்தது. அப்ஸானா இருவரையும் பார்த்துப் புன்னகைத்தாள்.

ஒரு பிடி கீரைக்கு இத்தனை ஆவேசமா என்று சிரிப்போர் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். அகிலாவின் அப்பாவும் அம்மாவும் நட்ட நாற்றையெல்லாம் ஒட்டவைத்தால் ஷார்ஜாவைப் பச்சைப்பாயாய் மூடிவிடலாம்; அதில் ஒரு நாற்றுகூட அவர்கள் வயலில் நட்டதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வயலே இல்லை. வரப்போரம் தானாய் முளைத்த கீரையைக் கிள்ளுவதற்குக்கூட வரப்பின் மேல் குடை பிடித்து நின்ற ஆளிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆள் சில நாள் தலையாட்டுவார், சில நாள் ஆட்டமாட்டார். இந்த மீன்பெட்டியில் முளைப்பதைக் கிள்ள அகிலா ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. விஷயம் அவ்வளவுதான். கீரை ஒரு சாக்கு.

கோட்டையின் மாட்சியைக் கேளுங்கள். மீன்கடை வாசலில் வீசியெறியப்பட்டுக் கிடந்த பெட்டியை, வாடை போக எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துத் தூய்மை செய்து, அடியில் துளையிட்டு, தேங்காய்நார்த் தூளும் டீத்தூள் சக்கையும் வெங்காயச் சருகும் வாழைப்பழத்தோலும் மக்கிக் கறுத்த மண்ணைப் பரப்பி, சமையலுக்கு வாங்கிய கீரைக்கட்டொன்றில் முற்றிப்போய்க் கிடந்த கதிரை உதிர்த்தெடுத்த விதையைத் தூவி, ஏசியின் வயிற்றிலிருந்து சொட்டிய நீரை வாளியில் ஏந்திக் கோடை முழுவதும் ஆறாகப் பாய்ச்சி அவள் எழுப்பிய கோட்டை அது. கோட்டைக்கென்றே விலைக்கு வாங்கியது என்று அதில் நார்த்தூள் மட்டும்தான் இருந்தது. நவம்பர் பிறந்தது, வெக்கை தணிந்தது, ஏசி ஓய்ந்தது, ஆறு வற்றியது. அஞ்சினாளா அகிலா? குளியலறையின் சிவப்புக் குழாயில் பச்சை நிற பைப் ஒன்றை மாட்டி, கட்டில்களுக்கு அடியே மலைப்பாம்பாய் ஊரவிட்டு, பால்கனியில் அதன் தலைக்கு விசை அழுத்தினால் பீச்சும் துப்பாக்கி ஒன்றைப் பொருத்தினாள். நீலக் குழாயில் ஏன் மாட்டவில்லை என்று அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவரைத்தான் பைத்தியமாகப் பார்த்திருப்பாள்.

இனி, பகைவன். செங்காலன், சாம்பற்கவசத்தான், கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னும் மணியாரம் பூண்டவன், எதிர்க் கட்டடத்து டிஷ் ஆண்டெனாவை அரியணையாக்கி அமர்ந்து 'குர்ர் குர்ர்' என்று போர்முரசு கொட்டுபவன், அந்தப் புறா. பகைவன் தன் நிழலைக் கண்டு நடுங்குவான் என்று அகிலா பழைய சிடி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். அவன் அதன்முன் நின்று இறகு கோதி அழகு பார்த்துப் போனான். கரண்டியும் தட்டும் கொண்டு பறையறைந்தாள். தாளம் பிடித்ததோ என்னவோ, மனைவியையும் அழைத்துவந்தான். இருவரும் சேர்ந்து கோட்டையின் கிழக்கு மூலையைக் கொத்திக் கிளறியதில் கீரைப்படையின் முன்வரிசை மண்ணில் சாய்ந்தது. எஞ்சிய படை, மூன்று பேருக்குக் காணும் அளவுக்குச் சரியாக இருந்தது. இன்னொரு தாக்குதல் நடந்தால் இருவருக்குக்கூடக் காணாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முவைலாவை மூடுபனி மூடியிருந்தது. எதிர்க் கட்டடம் பாலில் நனைத்த ரொட்டிபோல் கரைந்து நின்றது. ஆண்டின் முதல் குளிர், ஜன்னல் இடுக்கில் விரல் நுழைத்து அப்ஸானாவைத் தொட்டது. அவள் எழுந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி, குளியலறைக் கதவோரம் கோடையெல்லாம் எவரும் தொடாமல் தூசு படிந்திருந்த ஸ்விட்சைத் தட்டினாள். சின்னஞ்சிறு சிவப்பு விளக்கொன்று கண் விழித்தது. அவள் மறுபடி படுத்துக்கொண்டாள். ஊழ் என்பது சில வேளைகளில் இவ்வளவு தூக்கக் கலக்கத்தோடு வரும்.

வெயில் ஏறத் தொடங்கிய வேளையில் அகிலா அறுவடைக்கு எழுந்தாள். பால்கனிக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். பார்த்த கண் சிவந்தாள். கோட்டையின் மதில்மேல் செங்காலன்! மதிலுக்குள் அவன் மனையாட்டி! கோட்டை காப்போர் நொச்சிப்பூ சூடவேண்டும் என்பது விதி. முவைலாவில் நொச்சிக்கு எங்கே போக? மஞ்சள் க்ளிப்பை இறுக்கிச் சூடினாள். புறா எச்சத்தைத் தொடவேண்டி வருமென்று மஞ்சள் கையுறைகளை முழங்கைவரை இழுத்தணிந்தாள். குளியலறைக்குள் பாய்ந்து, திரும்பியும் பாராமல், சிவப்புக் குழாயை அதன் கழுத்து திருகும்வரை திருகித் திறந்தாள். மீண்டும் பால்கனிக்குப் பறந்தாள். விசையை அழுத்தினாள்.

பைப்பின் நீண்ட வயிற்றில் இரவெல்லாம் தங்கிக் குளிர்ந்திருந்த நீர், இடியுண்ட மேகம் பிளந்தாற்போல், அணையுடைத்த புதுவெள்ளம் போல், சம்பளம் வந்த அன்று பஸ்ஸுக்கு முண்டும் கூட்டம் போல், சீறிப் பாய்ந்து பகைவனின் மார்பில் அறைந்தது. செங்காலன் சிலிர்த்தான், மனையாட்டி துள்ளினாள், சிறகுகள் படபடக்க இருவரும் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு டிஷ் ஆண்டெனாவில் போய் நனைந்த கைக்குட்டைகளாய் ஒட்டிக்கொண்டனர்.

வென்றாள் அகிலா! வென்றவள் தன் படைக்கு விருந்தளிக்க வேண்டாமா? துப்பாக்கியின் வாயைப் பூந்தூறலுக்குத் திருப்பி, கீரையின் மேல் தாராளமாய்ப் பொழியவிட்டாள். ஆனால் அவள் கண்ணோ கீரையில் இல்லை, ஆண்டெனாவில் இருந்தது. எட்டுத்திசையும், குறைந்தபட்சம் எட்டாம் மாடியும் அதிர அவள் முழங்கினாள்:

"போடா போ! ஒங்கொப்பன் வீட்டு வயலா இது? எம் பெட்டி! எம் மண்ணு! நான் போட்ட வெத! இனிமே ஒரு எலையத் தொட்டுப் பாரு!"

முழக்கம் நீண்டது. தூறலும் நீண்டது. கைகளோ கையுறைக்குள் இருந்தன. ஆதலால் குளிர்ந்த நீர் தீர்ந்துபோனதை அவை அறியவில்லை. கோட்டையிலிருந்து வெண்புகை எழுந்து பனியோடு கலந்தது. வெற்றியின் புகை என்று நினைத்தாளோ, பனி என்று நினைத்தாளோ, அவள் நிறுத்தவில்லை.

உள்ளேயிருந்து மர்ஜானாவின் குரல் வந்தது: "ஏளா அகிலா! அடுப்புல கீரையை வச்சிட்டு அங்க யாரோட மல்லுக்கு நிக்கிறா? வெந்து மணக்குது பாரு!"

"அடுப்புல நான் ஒண்ணும் வைக்கலியே லாத்தா."

சொல்லிக்கொண்டே குனிந்தாள். கண்டாள். நிமிர்ந்து நின்ற படை முழுவதும், ஒரு வீரன்கூட மிச்சமின்றி, நின்ற இடத்திலேயே தலைசாய்ந்து, கரும்பச்சையாய்ச் சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்திருந்தது. மண்ணிலிருந்து ஆவி பறந்தது. அகிலாவின் பார்வை பைப்பைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தது: பால்கனி, கட்டிலடி, குளியலறை, சிவப்புப்பொட்டு, கதவோரம் கண் விழித்திருந்த சின்னஞ்சிறு விளக்கு.

"கீசரை யாரு போட்டது?"

தலையில் துண்டு சுற்றிக்கொண்டிருந்த அப்ஸானா எட்டிப் பார்த்தாள். "நான்தான்க்கா. குளிரா இருந்துச்சு. ஏன்க்கா, செவப்புக் கொழாயில சுடுதண்ணிதானே வரணும்?"

இந்தக் கேள்விக்கு, வளைகுடாவில் ஒரு கோடையைக் கடந்த எவராலும் விடை சொல்ல முடியாது. தொழில்பேட்டையில் மேனேஜர்களை நடுங்கவைத்த அகிலாவின் கோபம் அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, இறங்க ஓரிடமும் காணாமல், கடைசியில் அவள் கொண்டைக்கே திரும்பியது. கையுறையைக் கழற்றிப் போட்டாள். பெட்டியின் விளிம்பைப் பற்றினாள்.

"தோத்துட்டேன் லாத்தா. நீங்க ஸ்டாண்டைக் கொண்டாங்க."

மர்ஜானா ஸ்டாண்டைக் கொண்டுவரவில்லை. பால்கனியில் குந்தி அமர்ந்தாள், சுருண்ட இலையொன்றை எடுத்து ஊதினாள், வாயிலிட்டு மென்றாள், நெற்றி சுருக்கி, நீதிபதிபோல் நெடுநேரம் மென்றாள். பிறகு தீர்ப்பு இறங்கியது:

"நான் என்ன சொன்னேன்? பெட்டியிலேர்ந்து ஒரு கறி வரணும்னு சொன்னேன். வந்திருக்கு. பச்சையா வரணும்னு சொன்னேனா? நம்ம கேஸ் வேற மிச்சம். எதுக்குளா பெட்டியைத் தூக்குறா, வை கீழ! சூடு ஆறுனதும் வேற வெத போடு. அப்ஸானா, நீ போய்ப் பூண்டை உரி. குளிருதுன்னு சொன்னேல்ல, வேலை செஞ்சா சூடு வரும்."

அகிலா குனிந்து கிள்ளத் தொடங்கினாள். சூடு விரலைச் சுட்டது. கிள்ளுமுன் ஒருவரையும் அவள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஆள் எவரும் அங்கே நிற்கவுமில்லை, அந்தச் செங்காலன் ஒருவனைத் தவிர. அவனும் ஆண்டெனாவில் இறகை உலர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

அன்று நண்பகல், ஸ்டாண்டு அறைக்குள் புர்காக்களைச் சுமந்து தோற்ற மன்னனாய்த் தலைகுனிந்து நிற்க, கடுகு வெடித்து வாகை சூட, வரமிளகாய் செங்கொடியாய்ச் சிவந்து கமற, பூண்டு பொன்னிறமாய்ப் பூத்து மாலையிட, ஆவி பறக்கும் சோற்றுமலையின் உச்சியில், நிலமற்ற குலத்தின் முதல் விளைச்சல், மூன்று பேருக்கும் சரியாகக் காணும் அளவில், வெற்றித்திருமகளாய் வீற்றிருக்க, முவைலாவின் மூடுபனி முற்றிலும் விலகி ஒரு பாய் அகல வெயில் வெறும் மீன்பெட்டியின் மேல் விழுந்து ஒளிர, அகிலா முதற்கவளத்தைப் பிசைந்து, உருட்டி, நெஞ்சு விம்ம வாயிலிட்டாள்.

உப்பு போட மறந்திருந்தார்கள்.