தவிட்டு அண்ணாச்சி கோழி பார்க்கப் போன கதை

திருவனந்தபுரத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தெர்மாமீட்டருக்கு முன்னால் தவிட்டு அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். சாலைக் கடைத்தெருவில் தவிடும் புண்ணாக்கும் விற்பவர். பெயர் என்னவோ, எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் சந்தில் தனியாகக் குடியிருந்தார். சுகமில்லாதவர்களைப் போய்ப் பார்ப்பது அவருக்குக் கடையைவிட முக்கியமான தொழில்.

ஒருமுறை ஆஸ்பத்திரியில் வார்டு மாறிப்போய், முன்பின் தெரியாத ஒருவரின் கட்டிலருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். தப்பு தெரிந்த பிறகு விட்டாரா? மறுநாளும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். "பாவம், காத்துக்கிட்டு இருப்பாருல்லா!" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் பதினோரு கோழிகள். அவைதான் குடும்பம். எல்லாவற்றுக்கும் மரியாதை வேறு. "செவலையம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கருப்பி இன்னும் சாப்பிடல!"

போன மழைக்காலத்தில், எதிர்வீட்டுத் தங்கம் அக்கா சந்தையில் வாங்கிவந்த கோழி தலையைத் தொங்கப் போட்டது. இரண்டு நாளில் அக்காவின் மற்ற கோழிகளும் பச்சை பச்சையாகக் கழிந்தன. நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினோம். அண்ணாச்சி நொய்யரிசிப் பொட்டலத்தோடு போய், நோயாளியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "ராத்திரி ஒறங்குனீயளா?" என்று கோழியிடமே கேட்டார்.

அங்கிருந்து நேரே தன் கோழிக்கூட்டுக்கு நடந்தார். என் மனைவி சத்தம் போட்டாள். "அண்ணாச்சி, குளிச்சிட்டுப் போங்க! கையக் காலயாவது கழுவுங்க!"

வந்ததே கோபம் அவருக்கு. "எழவு வீட்டுக்குப் போனாத்தாம்மா வந்து குளிக்கணும். உசுரோட கெடக்கிறதப் பாத்துட்டு வந்து எவனாவது குளிப்பானா? நாமளே அதச் சாகச் சொல்லுத மாதிரில்லா இருக்கு!"

எங்கள் வீடுகளிலும் அதுதானே பழக்கம்? நானும் மண்டு மாதிரித் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் செவலையம்மா கழுத்து திருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "இது தொத்து நோயாக்கும், அண்ணாச்சி. வந்துட்டா மருந்து இல்ல. ஊசி முன்னாடியே போட்டிருக்கணும். கையில, காலுல, உடுத்த முண்டுல எல்லாம் ஒட்டிட்டு வரும், கேட்டோ? சுகமில்லாத கோழியத் தொட்டுட்டு யாராவது இங்க வந்தாங்களா?"

அண்ணாச்சி குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்றும் போயின. ஒவ்வொன்றுக்கும் ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார். மூடிவிட்டு ஒவ்வொரு முறையும் தலை முழுகினார். ஒரே நாளில் நான்கு முறை. வேறு சமயமாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் சிரித்திருப்போம். தினமும் அவர் தீனி போடும் எங்கள் வீட்டுக் கோழிகள் இரண்டும் அந்த வாரமே செத்தன. சந்தில் இன்னும் சில வீடுகளிலும் அதே கதைதான். என் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதன்பிறகு அவர் யாரையும் பார்க்கப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஒருநாள் காலையில், கோழி செத்த வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் ரோட்டில் நின்று உரக்கச் சொன்னார். "எங் காலுலதான் வந்துச்சு. நாந்தான் கொண்டாந்தேன். மன்னிச்சிருங்க."

எங்கள் கேட்டுக்கு முன்னாலும் வந்தார். அவரைத் திட்டுவதற்கு என் மனைவி இரண்டு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

"உள்ள வாங்க அண்ணாச்சி, சாயா போடுதேன்."

"வேண்டாம்மா. இனி நான் யாரு வீட்டுக்குள்ளயும் வரமாட்டேன். நான் வந்தா ஆகாது."

அவள் உள்ளே போனாள். சாயாவோடு ஒரு ஸ்டூலையும் தூக்கிவந்து நடுரோட்டில் போட்டாள். நான் இரண்டு நாற்காலி கொண்டுவந்தேன். அண்ணாச்சி உட்கார்ந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. என் மனைவி எழுந்திருக்கவே இல்லை.

"சுத்திப் போங்க சேட்டா," என்றாள். "எங்க அண்ணாச்சி சாயா குடிச்சு முடிக்கல."