இருபத்தைந்துக்கு மேல் இறங்காது

“டவுன்லோடு செய்யக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது” என்று கையிலிருந்த டேப்லெட் நான்காவது முறையாகச் சொன்னதும், மெத்தைக்காரர் அதைப் பக்கத்திலிருந்த ஸ்பிரிங் மெத்தைமேல் விட்டெறிந்தார். அது துள்ளி, திரும்ப அவர் கைக்கே வந்தது. அந்தக் கோபத்திலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நல்ல ஸ்பிரிங்.

“என்ன சார் ஆச்சு?” என்று கேட்டுவிட்டாள் கேஷியர்.

கேட்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு தலையணை வாங்க வருகிறவர்களுக்கே முக்கால் மணி நேரம் விளக்கம் கொடுக்கிறவர் அவர். அந்தக் கடையில் பதினேழு வருஷமாக மெத்தை விற்கிறார். தெருவில் எல்லாரும் அவரை மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போதுகூட ஒரு வாடிக்கையாளர் படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்தவர், ஃபோமுக்கும் இலவம்பஞ்சுக்கும் உள்ள பத்து வித்தியாசங்களில் ஏழாவது வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மெத்தையின் தரம் அப்படி என்று மெத்தைக்காரர் நினைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமை காலையில ரயில்மா” என்று ஆரம்பித்தார். “நானும் என் மாமனாரும் மட்டும். எதிரெதிர் சீட்டு. பதினாலு மணி நேரம். நாலாவது ஸ்டேஷன் தாண்டிட்டா ஒரே குகைப்பாதையா வரும், சிக்னல் சுத்தமா கிடையாது. அதனால இப்பவே…”

“புரியுது சார், கஸ்டமர் முழிச்சுட்டார்” என்று கேஷியர் நழுவினாள். வாடிக்கையாளர் முழிக்கவில்லை.

விஷயம் இதுதான். மெத்தைக்காரரின் மச்சான் வேறு ஊரில் புதிதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தான். சாமான்களை அடுக்கி வைக்க மனைவி போன வாரமே போய்விட்டாள். மெத்தைக்காரரும் மாமனாரும் பின்னால் போக வேண்டும். அங்கேதான் பயம்.

போன வருஷம் இப்படித்தான் இருவரும் ஒரு நாலு மணி நேரப் பயணம் போனார்கள். மாமனாருக்கு முதுகுவலி. அந்த முதுகுக்கு எந்த மெத்தை பொருந்தும் என்று மெத்தைக்காரர் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நாலு மணி நேரத்தில் மாமனார் பதினோரு தடவை குறுக்கே பேசினார். பன்னிரண்டாவது தடவை, “போதும் மாப்பிள்ளை! இது என் முதுகு!” என்று கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். எட்டு மாசம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டு மனைவி படாத பாடு பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “இந்தத் தடவையும் அப்பா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு ரயிலை விட்டு இறங்கினாருன்னா, நான் உங்ககூட திரும்பி வரமாட்டேன். தம்பி வீட்லயே இருந்துடுவேன். விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க.”

மெத்தைக்காரர் ஆடிப்போனார். அவள் சொன்னால் செய்கிறவள். யோசித்து யோசித்து, போன தடவை தகராறுக்குக் காரணம் என்ன என்று அவரே கண்டுபிடித்தார். பாவம், பெரியவருக்குப் பொழுது போகவில்லை. நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது!

மாமனார் முப்பத்துநாலு வருஷம் நூலகராக இருந்தவர். ஓய்வு பெற்றும் உதட்டில் விரல் வைக்கிற பழக்கம் அவரை விடவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்தால் போதும், விரல் தானாக மேலே போய்விடும். வயசான காலத்தில் இப்படி ஒரு வியாதியா என்று மெத்தைக்காரர் பரிதாபப்படுவார். மனுஷருக்கு உலகத்தில் பிடித்தது ஒரே ஒரு கோர்ட் சீரியல். முந்நூறு எபிசோட் ஓடியும் இன்னும் முதல் சாட்சியையே விசாரித்து முடிக்காத சீரியல் அது. அதை டேப்பில் இறக்கி, ரயில் கிளம்பியதும் கையில் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்பது திட்டம்.

ஒரு எபிசோட் முப்பத்தைந்து நிமிஷம். பதினாலு மணி நேரத்துக்கு இருபத்துநாலு எபிசோட். ஒரு கருவியில் இருபத்தைந்து வரை இறக்கலாம் என்று சீரியல் வருகிற செயலியிலேயே போட்டிருந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஆனால் ஒரு கணக்குக்கு நாலு கருவிகளில்தான் இறக்கலாமாம். அந்த நாலும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒன்று மனைவியின் போன். இன்னொன்று அக்காவின் போன். மூன்றாவது கேஷியரின் போன். நாலாவது யாருடையது என்றே தெரியவில்லை.

“ஏம்மா, என் பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே சார் சொன்னீங்க! மறந்துடக் கூடாதுன்னு டபுள் மெத்தையோட ஸ்பிரிங் எண்ணிக்கையையே பாஸ்வேர்டா வெச்சிருக்கேன்னு, தினமும் கஸ்டமருக்கெல்லாம் சொல்றீங்களே. கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் தெரியும்.”

“சரி, உன் போன்ல இருக்கறதை அழிச்சுடு.”

“அழிச்சுடறேன் சார். அப்படியே மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் நீங்க எந்த மெத்தையில சாம்பிள் பார்க்கறீங்கன்னு முதலாளிகிட்டயும் சொல்லிடறேன்.”

மெத்தைக்காரர் உடனே அக்காவுக்குப் போன் போட்டார். எப்போதும் போல ஸ்பீக்கரில்தான். இரண்டு கையையும் ஆட்டாமல் அவருக்குப் பேச வராது.

“டேய், நேரா விஷயத்துக்கு வா. அடுப்புல வேலை இருக்கு” என்றாள் அக்கா.

இவர் ரயில், குகைப்பாதை, முதுகுவலி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். மறுமுனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“ஓஹோ. மாமனாருக்காகக் கூடப்பிறந்தவளை நீக்கறியா? சரிப்பா. நல்லா இரு.”

போன் வைக்கப்பட்டது. பட்டியலில் ஓர் இடம் காலியானது. அக்கா கோபம் நாலு நாளில் தணிந்துவிடும் என்று மெத்தைக்காரர் தேற்றிக்கொண்டார்.

திங்கள் சாயங்காலம் இருபத்தைந்தும் டேப்பில் இறங்கின. அத்துடன் விட்டிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் சரக்கை உட்கார்ந்து பார்க்காமல் வண்டியில் ஏற்றுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒவ்வொரு எபிசோடையும் திறந்து, இரண்டு விநாடி ஓட்டி, “ம், ஓடுது” என்று திருப்தியாக மூடினார். இருபத்தைந்தையும் முடித்து நிமிர்ந்தால், ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. ‘பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். 48 மணி நேரத்தில் காலாவதியாகும்.’

திங்கள் சாயங்காலத்திலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரம் என்றால் புதன் சாயங்காலம். ரயிலோ வெள்ளிக்கிழமை.

“அட கஷ்டமே!” என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மறுபடி இறக்கினார். இந்தத் தடவை திறக்கவே கூடாது என்று சத்தியம் செய்துகொண்டார். பிறகு ஒரு சந்தேகம். பழைய கோளாறு புதுசிலும் இருந்தால்? ஒன்றே ஒன்றைத் திறந்து பார்த்தார். அதில் சிவப்பு வரி வந்துவிட்டது. மற்றவற்றிலும் வருகிறதா என்று தெரிந்துகொள்ள மற்றவற்றையும் திறந்தார். எல்லாவற்றிலும் வந்தது.

மூன்றாவது தடவை இறக்கப் போனபோது செயலி கையை விரித்துவிட்டது. ‘இந்தக் கருவியில் இந்த எபிசோடுகளை இந்த ஆண்டு இனி டவுன்லோடு செய்ய இயலாது.’

புதன்கிழமை மத்தியானம், சாம்பிள் பார்க்கும் நேரத்தைத் தியாகம் செய்து, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

“வணக்கம் சார், உங்க பிரச்சினை என்னன்னு…”

“சொல்றேம்மா. நீ முதல்ல என் மாமனாரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.”

அவள் தெரிந்துகொண்டாள். மாமனாரைப் பற்றியும், அவர் முதுகைப் பற்றியும், போகிற போக்கில் அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் எந்த மாதிரி ஃபோம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும். நடுவில் ஒரு தடவை மெத்தைக்காரர் தண்ணீர் குடித்தபோதுதான் அவளுக்கு இடம் கிடைத்தது.

“சார், டேப்ல இனிமே முடியாது. உங்க போன்ல இறக்கிக்கலாம். ஆனா இந்த வாரம் சேர்த்த டேப்பை இப்ப நீக்க முடியாது, அதனால வேற ஒரு கருவியை நீக்கணும்.”

“நீக்கிடறேன்! யாருன்னே தெரியாத ஒரு போன் இருக்கும்மா, இருபத்தஞ்சு எபிசோடை இறக்கி வெச்சுக்கிட்டு!”

“சார், அந்த போனைப் பொறுத்தவரைக்கும் ஒரு விஷயம்…”

“எனக்குத் தெரியாதா? திருட்டுப்பய! எவனோ என்கிட்ட மெத்தை வாங்கிட்டு பாஸ்வேர்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்கான். அந்த மாதிரி ஆளுங்க எந்த மெத்தை வாங்குவாங்கன்னு சொல்லட்டுமா?”

“சார், ஒரு நிமிஷம், அது வந்து…”

அந்த ஒரு நிமிஷத்தை மெத்தைக்காரர் கொடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் பேசி முடித்து, “ரொம்ப உதவியா இருந்ததும்மா” என்று மனசார நன்றி சொல்லி வைத்தார். வைத்த கையோடு பட்டியலைத் திறந்து, அந்தத் திருடனின் போனை நீக்கினார். ‘அதிலுள்ள எல்லா டவுன்லோடுகளும் அழிந்துவிடும். சம்மதமா?’ என்று கேட்டது. “பரம சம்மதம்” என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினார்.

வியாழக்கிழமை அவர் போனில் இருபத்தைந்தும் இறங்கின. ஒன்றையும் திறக்கவில்லை. ஆசை வரும்போதெல்லாம் போனைத் தலையணை உறைக்குள் போட்டுவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரயில் கிளம்பியது. மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழக்கத்துக்கு மாறாக முகத்தில் ஒரு நிம்மதி. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

“மாமா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்” என்றார் மெத்தைக்காரர்.

“ஆகட்டும் மாப்பிள்ளை, சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மாமனார் பையிலிருந்து ஒரு பெரிய ஹெட்போனை எடுத்தார். புத்தம் புதுசு. இரண்டு காதையும் பொத்துகிற ரகம். அதை மாட்டிக்கொண்டு, புதுசாக ஒரு போனையும் எடுத்துத் திறந்தார்.

மெத்தைக்காரர் அசந்துபோனார். போன் எடுத்தால் ‘ஹலோ’ சொல்வதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷர் என்றல்லவா நினைத்திருந்தார்!

மாமனார் திரையைத் தொட்டார். மறுபடி தொட்டார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“மாப்பிள்ளை… ‘இந்தக் கருவி நீக்கப்பட்டது’ன்னு வருதே. அப்படின்னா என்ன? என் பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடிதான் எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தா. ஒவ்வொண்ணா நானே இறக்கினேன். இருபத்தஞ்சு இருந்துச்சு. ஒண்ணுகூட இல்லையே!”

அந்தத் திருட்டுப்பய யாரென்று மெத்தைக்காரருக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனிலேயே மாமனார் வேறு பெட்டி. அப்புறம் மனைவி, மச்சான் வீட்டிலேயே.

“சி… சிஸ்டம் கோளாறா இருக்கும் மாமா. இப்பல்லாம் அடிக்கடி ஆகுது. கவலையே படாதீங்க, இந்தாங்க என் போன். இதுல உங்க சீரியல்தான், இருபத்தஞ்சும் இருக்கு!”

வெற்றிப் புன்னகையுடன் செயலியைத் திறந்தார். ‘உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டு, எல்லாக் கருவிகளும் வெளியேற்றப்பட்டன. மீண்டும் உள்நுழையவும்.’

அதற்கு மேலேயே அக்காவின் செய்தி ஒன்று நின்றது. ‘நீக்கினா எப்படி இருக்கும்னு இப்ப தெரியுதா?’

மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியாயிற்று. அக்காவுக்கு அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், துண்டித்தாள். இனி ஒரு ஸ்டேஷன், அப்புறம் குகைதான். மாமனார் வெறும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. பொழுது போகாமல் மனுஷர் தவிக்கிறாரே என்று மெத்தைக்காரர் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார்.

“விடுங்க மாமா, நான் எதுக்கு இருக்கேன்? பேசிக்கிட்டே போனா பதினாலு மணி நேரம் பறந்துடும். போன தடவை உங்க முதுகைப் பத்திப் பாதியில நின்னுபோச்சு இல்ல? அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.”

மாமனார் பையைப் பார்த்தார். பிறகு அபாயச் சங்கிலியைப் பார்த்தார்.

அப்போது மெத்தைக்காரரின் போன் அடித்தது. பழக்கப்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், வாடிக்கையாளர் சேவையிலேர்ந்து பேசறேன். புதன்கிழமை கொடுத்த புகாரை முடிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விஷயம்…”

“அம்மா, நல்ல நேரத்துல வந்தே! என் அக்கா என்ன பண்ணியிருக்கான்னா, முதல்ல நீ அவளைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்…”

மாமனாரின் விரல் உதட்டுக்குப் போனது. முப்பத்துநாலு வருஷ உத்தியோகத்தின் மொத்த அதிகாரமும் அந்த ஒரு விரலில் இருந்தது. மெத்தைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடினார்.

கிடைத்த இடைவெளியில் அந்தப் பெண் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

“சார், போன வாரம் உங்க அக்கவுன்ட்லேர்ந்தே ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு, ரயில்ல மாப்பிள்ளை பேச்சு காதுல விழாம பதினாலு மணி நேரம் தள்ளணும், எத்தனை எபிசோட் வேணும்னு கேட்டார், இருபத்தஞ்சுக்கு மேல இறங்காதுன்னேன், ரயில் லேட்டானா நான் என்னம்மா பண்ணுவேன்னு அழுதுட்டார் சார், அவர் போனை மட்டும் நீக்கிடாதீங்கன்னு சொல்லத்தான் அன்னிக்கு நாற்பது நிமிஷமா வாயைத் திறந்தேன், நீங்க எங்க விட்டீங்க?”