மூக்கன் இக்கா முகர்ந்த கை

வீட்டுக்கு யார் எசமான் என்று காட்டிவிட்டால் நாய் அடங்கிவிடும் என்று நம்பியவன் நான். அதற்காக ஐம்பத்தோரு வயதில், லுங்கியோடு, நாலு காலில் நின்று எங்கள் குட்டனைப் பார்த்து உறுமினேன். குட்டன் திரும்பி என் மனைவியைப் பார்த்தது. "எனக்கும் புரியலை குட்டா" என்றாள் அவள்.

முட்டாள்தனத்தை மூக்காலேயே கண்டுபிடிக்கக்கூடியவர் மட்டாஞ்சேரியில் ஒருவர்தான்: மூக்கன் இக்கா. அண்ணனை இங்கே இக்கா என்பார்கள். எங்கள் முதலாளியின் மிளகுக் கிடங்கில் சரக்கை முகர்ந்து தரம் சொல்வது அவர் வேலை. கை குலுக்க வந்தால், கையை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். மிளகு வாங்க வந்த வியாபாரியிடம், "காலையில பழம்பொரி தின்னாச்சு, பின்னே பெண்டாட்டி அறியாம ஒரு பீடி" என்று சொல்லி அனுப்பியவர். அவர் மூக்குக்குப் பயந்துதான் சாயாக்கடைக்காரர் பாலில் தண்ணீர் கலப்பதை விட்டாராம். மிகையாக இருக்கலாம். ஆனால் எங்கள் சாயா கெட்டியானது உண்மை.

குட்டனுக்கு ஐந்து வயது. அதன் தலையைத் தடவாமல் தெருவில் யாரும் போகமாட்டார்கள். அப்படிப்பட்டது, ஒரு மாதமாக என்னைக் கண்டால் பல்லைக் காட்டியது. கண் சிவந்திருந்தது, கோபம் என்று நினைத்தேன். உறுமும்போதெல்லாம் அதட்டினேன். உறுமுவதை நிறுத்திவிட்டு, ஒரு சாயங்காலம் நேராக என் சட்டைக்கையைக் கவ்வியது. பல் தோலில் படவில்லை. ஆனாலும் நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரச் சேச்சி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"ஞாயிறுக்குள்ள இதை எங்கயாவது கொண்டு விடணும் கேட்டோ. பிள்ளைகள் ஓடி நடக்கற இடம்."

சங்கிலி போட்டு வைத்துக்கொள்ள ஆலுவாவில் ஒருவர் சம்மதித்தார். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

விஷயம் கேள்விப்பட்டு சனிக்கிழமை இக்கா வந்தார். வந்தவர் குட்டனைப் பார்க்கவே இல்லை. அதற்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பொட்டலம் பிரித்து வறுத்த கடலை தின்றார். கால் மணி நேரம். குட்டன் மெல்ல வந்து அவர் தோளை முகர்ந்தது. அவரும் அதை முகர்ந்தார். பிறகு என்னிடம், "கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன். மூன்று முறை தும்மினார்.

"நீ எப்ப மிளகாய்க் கிடங்குக்கு மாறினே?"

அடுத்த தெருவிலிருக்கும் எங்கள் முதலாளியின் அந்த இன்னொரு கிடங்கில் மட்டும் அவர் காலெடுத்து வைக்கமாட்டார், மூக்கு போய்விடுமாம்.

"ஒரு மாசம் ஆச்சு இக்கா."

"வீட்டுக்கு வந்ததும் எந்தா செய்வே?"

"நேரா இதைக் கட்டிப் பிடிச்சு முகத்தைத் தடவுவேன். பாசம்."

"கண்ணுல மிளகாயைத் தேய்ச்சிட்டுப் பாசமாம். எடா, அது மரியாதையா உறுமிச் சொல்லிச்சு. நீ வாயை அடைச்சே. பின்னே அது பல்லாலதானே சொல்லணும்? இனி உறுமினா அதட்டாதே. விலகி நில்லு, என்ன காரணம்னு பாரு."

சேச்சியிடம் அவரே பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கினார். கால்நடை டாக்டர் குட்டனின் கண்ணைக் கழுவி மருந்து கொடுத்தார். கிடங்கிலேயே குளித்து, சட்டை மாற்றி வந்து, குட்டனைத் தொடாமல் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும் என்பது இக்காவின் உத்தரவு. எட்டு நாள் கடலை தின்றேன். ஒன்பதாம் நாள் அது தானாக வந்து என் முழங்காலில் தாடையை வைத்தது. மனைவி பேசினாள். சேச்சி ஆலுவாவைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்றும் சாயங்காலம் மிளகுக் கிடங்கு வாசலில் நின்று இக்காவிடம் கையை நீட்டுகிறேன். முகர்ந்துவிட்டு, "போய்க்கோ" என்பார். அவர் வராத நாளில் இரண்டு தடவை சோப்புப் போடுகிறேன்.

குட்டனுக்கு வெறியும் இல்லை, என்மேல் கோபமும் இல்லை. அதற்குக் கண் எரிந்தது.