சனிக்கிழமை மில்லைப் பூட்டிய விஷயம்

கல்முனை,
1954 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது.
மில்லில் வேலையாட்கள் பதினொரு பேரும் ஆஜர். வீட்டில் ஓராள் குறைவு.

கண்ணியத்துக்குரிய மாமா ஸைனுலாப்தீன் அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். புது மிசின் எடுக்கக் கொழும்பில் நிற்கும் தங்களுக்கு அல்லாஹ் உடல்சுகத்தையும், துறைமுகத்து ஆட்களோடு மல்லுக்கட்டும் பொறுமையையும் தருவானாக. இங்கு நானும் தங்கள் மகள் ஸகியாவும் சுகம். மாமியும் சுகமாகத்தான் இருப்பா. அக்கரைப்பற்றில் இருப்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மில்லுக்கு வெள்ளியோடு சேர்த்துச் சனியும் லீவு என்று நான் அறிவித்ததைத் தாங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அறுவடைக் காலத்தில் இவனுக்கென்ன பைத்தியமா என்று தாங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆறாம் நாள் இஞ்சின் சூடேறி நிற்கிறது; ஆறாம் நாள் ஆளும் சாக்கில் ஏற்ற வேண்டிய ஊசியைத் தன் கையில் ஏற்றுகிறான். ஐந்து நாளும் கொஞ்சம் கூட நேரம் ஓட்டினால் அதே நெல்லைக் குத்தி முடிக்கலாம். முடித்தும் காட்டினோம். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழைத்த இடம் மில் அல்ல, வீடு.

முதல் சனிக்கிழமை காலை இஞ்சினைக் கழுவலாம் என்று போனால், பூட்டிய கேற்றுக்கு முன்னால் பதினொரு பேரும் குந்திக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கும் கச்சிமுகம்மதுக் காக்காவிடம், "இண்டைக்கு லீவு எண்டு சொன்னன்தானே?" என்றேன்.

"தெரியும் தம்பி. லீவுக்குத்தான் வந்திரிக்கம்."

"ஊட்ட இரிக்கலாமே?"

"ஆர்ர ஊட்ட?" என்றார். "ஊடு பொஞ்சாதிர. குசினிக்குள்ள அவட உம்மா. நான் விறாந்தையில நீட்டி நிமிந்து படுத்தா மாமி எப்பிடிக் கிணத்தடிக்கு வாற? நீங்க படிச்ச ஆள், சொல்லுங்க."

நமதூரில் கலியாணம் முடித்தவன் பெண்வீட்டில் குடியிருக்கிறான், மருமகன் கண்ணுக்கு முன்னால் மாமிமார் வருவதில்லை. தாங்களும் அப்படி வந்த மாப்பிள்ளைதான், நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆத் தொழுகை, பிறகு பள்ளிவாசலடியில் கதை என்று ஆண்கள் அரைநாள் வெளியே போய்விடுகிறார்கள், பெண்களும் மூச்சு விடுகிறார்கள். சனிக்கிழமையில் ஆண்களை வெளியே எடுக்க ஒன்றுமில்லை. இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் கேற்றில் போய்க் குந்துகிற ஆளா? வீட்டுக்குத் திரும்பினேன். மாமி குசினிக்குள் புகையோடு புகையாக இருமிக்கொண்டிருந்தா. ஸகியா வந்து, "உம்மாக்குத் தொழ ஒளு எடுக்கணும், கொஞ்சம் உள்ள போங்க" என்றாள், போனேன். வெளியே வந்தேன். "உம்மாக்குத் தேங்காய் எடுக்கணும், உள்ள போங்க." போனேன். அன்று எங்கள் வீட்டில் அதிகம் வேலை செய்தது அறைக்கதவுதான். ஆகவே அடுத்த சனிக்கு முன் விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவே கயிறு இழுத்துப் பைசிக்கிள் மணி பூட்டினேன். ஒரு தரம் அடித்தால் நான் வெளியே வருகிறேன், இரண்டு தரம் என்றால் மாமி. நல்ல திட்டம், எந்தக் குறையும் இல்லை. நேற்று மீன்காரன் ஒழுங்கையில் நின்று தன் பைசிக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தான், நான் அறைக்குள் ஓடினேன். மறுகா ஒரு தரம் அடித்தான், மாமி குசினிக்குள் ஓடினா. தன்னைக் கண்டுதான் கதவு சாத்துகிறோம் என்று கோபித்துக்கொண்டு மீனையும் கொண்டு அவன் போய்விட்டான். என்ன நடந்ததென்று பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் கிணற்றடிக்கு வந்தோம். மாமி என்னை முழுதாகக் கண்டா, கலியாணம் முடித்த பிறகு முதல் தடவையாக. "யா அல்லாஹ்!" என்று கையை விட்டா, வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போயிற்று. மாமி பகல் பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்கு, அக்கரைப்பற்றுக்குப் போயிற்றா.

"ஒங்கட லீவு என்ட உம்மாவ ஊட்ட உட்டு எழுப்பிட்டு" என்றாள் ஸகியா. "உம்மா வராம அடுப்பு எரியா. ஒண்டில் மில்லத் துறங்க, இல்லாட்டி ஒங்கட உம்மாட ஊட்ட போய் லீவ எடுங்க."

பெண்வீட்டிலிருந்து வெளியேறிய மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரப் பள்ளிவாசல் மரைக்காரைக் கூட்டிக் கதைக்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. நேற்றிரவு சாப்பாடு கடைப் பாண்.

ஆகவே விஷயம் இதுதான். ஐந்து நாள் வேலை சரியானது, நான் வாபஸ் வாங்க முடியாது. ஆறு நாள் ஓட்டுகிறவன் கணக்குத் தெரியாதவன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டேன். ஆனால், "சனியும் மில் ஓட வேண்டும்" என்று முதலாளி தந்தி அடித்தால் தொழிலாளி என்ன செய்வது? தந்தி கடுமையாக இருப்பது நல்லது. என்னை ஏசியும் எழுதலாம்.

தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மிசினுக்கு உடையாத பயணத்தையும் வல்ல நாயன் தருவானாக. ஸகியா ஸலாம் சொன்னாள். (சொல்லவில்லை, என்னோடு கதைப்பதில்லை. கதைத்தால் சொல்லியிருப்பாள்.)

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
காலிதீன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாமி பஸ்ஸில் வந்து இறங்கிற்றா. திரைக்கு அந்தப் பக்கம் நின்று ஸகியாவிடம், எனக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னா: "உன்ட மாப்பிள்ளைக்குச் சொல்லு கா. முப்பது வருஷத்துல நேத்துத்தான் ஆரோ ஆக்கித் தந்த சோத்தத் தின்டன். தங்கச்சி பாயப் போட்டு, 'படுங்க ராத்தா' எண்டா. பின்னேரம் அசர் பாங்குக்குத்தான் எழும்பினன். மில்லத் துறக்க வேணாம். சனிக்கிழம அவரு ஊட்டப் பாக்கட்டும், நான் அக்கரப்பத்துக்குப் போறன்."

"அப்ப என்ட லீவு எப்ப?" என்றாள் ஸகியா.

ஆகவே மேலே கேட்ட தந்தியை அடிக்க வேண்டாம். நான் இனிச் செய்யப்போவது:

1. சனிக்கிழமை மில்லைப் பூட்டியே வைப்பேன்.
2. வேலையாட்களை அவரவர் வீட்டுக்கு அனுப்புவேன். அவர்களுக்கும் மாமிமார் உண்டு.
3. சனிக்கிழமைச் சோற்றை நான் ஆக்குவேன். ஸகியா பாயில் படுத்தபடி சொல்லித் தருவாள்.
4. மீன் வெட்டுவதைத் தங்களுக்கென்று ஒதுக்கி வைப்பேன். மாமி சம்மதித்துவிட்டா. வெள்ளிக்குள் வந்து சேரவும்.