ஒரிஜினலைப் பார்த்தவர்

'ஒரிஜினலைப் பார்த்தவர்' என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பழைய படம் ஒன்றின் கதையைத் தூசி தட்டித் தொலைக்காட்சியில் தொடராகப் போட்டுவிட்டால் போதும், அதுவரை மூலையில் செய்தித்தாளை மேய்ந்துகொண்டிருந்த ஆசாமி நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்து, கதாநாயகி வாயைத் திறப்பதற்குள் தான் திறந்து, "இவளுக்கு அழவே தெரியல", "அந்தப் படத்துல மழைன்னா மழை, இது என்ன பூவாளியா?" என்று பொழிந்து தள்ளி, விளம்பரம் வரும்போது மட்டும் மூச்சு வாங்குவார். விளம்பரத்துக்கு ஒரிஜினல் இல்லையல்லவா?

நம் பூட்டுக் கடைக்காரர் இந்த இனத்தில் முற்றிய ரகம். பகலெல்லாம் பள்ளி அலுவலகத்தில் பெற்றோர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்து வரும் அவர் மனைவிக்கு வேண்டியது நிம்மதியான அரை மணி நேரம். பாவம், தொடர் தொடங்கிய நாளிலிருந்து அது கிடைக்கவில்லை. இன்று கடைசிப் பகுதி. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட தங்கை திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள், அக்கா திறப்பாளா?

"திறக்க மாட்டா," என்றார் அவர். "படத்துல கதவு கடைசி வரைக்கும் பூட்டியேதான் இருக்கும். பூட்டைப் பத்தி எனக்கா தெரியாது?"

விளம்பர இடைவேளையில் மகள் கைப்பேசியில் அந்தப் பழைய படத்தின் முடிவைத் தேடி எடுத்து அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கதவு திறந்தது. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது ஒரிஜினல் பிரிண்ட் இல்லம்மா."

"இல்லதான்," என்றாள் மனைவி. "ஒரிஜினல்ல இடைவேளைக்கு அப்புறம் உங்க குறட்டையும் இருந்துச்சு. பக்கத்து சீட்டுல இருந்த எனக்கு அன்னிக்கும் ஒரு வசனம் கேக்கல."

மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இனி வாயைத் திறப்பதில்லை என்றார். சொன்ன சொல் தவறாமல் நாற்காலியிலேயே தூங்கியும் போனார். குறட்டை எழும்பியதும் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தை இரண்டு மடங்கு கூட்டி வைத்தாள். தொடரிலும் கதவு திறந்தது. அக்கா என்ன சொன்னாள் என்பதை, இத்தனை வருஷம் கழித்து, முழுசாகக் கேட்டு ஆசை தீர அழுதாள்.

மறுநாள் காலை கடையில், "கடைசி சீனைக் கெடுத்துட்டாங்க சார். என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வருமா?" என்று அலுத்துக்கொண்டே, வாடிக்கையாளருக்கு டூப்ளிகேட் சாவியை அராவிக்கொண்டிருந்தார் அவர்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியாதா? ஆனாலும், 'இந்த மாதிரி ஆளைப் பற்றி அந்தக் காலத்தில் ஒருத்தர் எழுதியிருந்தார், அதுவல்லவா எழுத்து' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தால், அதைக் கடைசி வரை படித்தீர்களா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள்.